சவுக்கின் குலமும் வளர்ச்சியும்

தாம்பரத்தில் புறப்பட்டு, சேலையூர், மேடவாக்கம் வழியாக வேளச்சேரியை நோக்கிச் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களைப் பார்ப்பவர்கள், நாளை அங்கே எத்தனை மாடிகள் நிற்கும் என்று கணக்கிடுவார்களே தவிர, இன்று சாரமாகவும் முட்டாகவும் நின்று அந்த மாடிகளைத் தாங்கும் சவுக்குக் கம்புகளின் குலம் கோத்திரத்தை விசாரிப்பதில்லை. இரும்பு முட்டுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், கல்யாணப் பந்தலிலிருந்து கட்சிக் கொடிக்கம்பம் வரை சவுக்கின் சேவகம் ஓய்ந்தபாடில்லை. மரவாடிக்காரர் கம்பின் நீளத்தையும் பருமனையும் பார்த்து விலை சொல்லுவார். அதன் தாய் எது, தந்தை எது என்று அவரும் அறியார், வாங்குகிறவரும் கேட்பதில்லை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போகும் வழியில் சவுக்குத் தோப்புகளைக் கண்டு, பைன் மரங்கள் என்று மயங்குவோர் பலர். தமிழ்நாட்டுக்குச் சொந்தமான பைன் மரமே கிடையாது; கொடைக்கானலில் நிற்பவையும் வெளியிலிருந்து வந்தவையே. பைனும் அடங்கிய ஊசியிலை மரவகையில் தென்னிந்தியாவைச் சுயதேசமாகக் கொண்டது, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுங்காடுகளில் ஒதுங்கி வாழும் நிரம்பாலி ஒன்றுதான். சவுக்கோ பூத்துக் காய்க்கும் விருட்சங்களைச் சேர்ந்தது. அதன் பச்சை ஊசி ஒன்றைப் பறித்துக் கணுவில் மெல்ல இழுத்தால் அது இரண்டாகக் கழன்றுவரும். கழன்ற இடத்தைச் சுற்றி ஏழெட்டு நுண்ணிய பற்கள் தெரியும். அந்தப் பற்களே இலைகள். நாம் இலையென்று எண்ணும் ஊசி உண்மையில் ஒரு சிறு கிளை. இலையின் வேலையைக் கிளை ஏற்றுக்கொண்டு, நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதால்தான் உப்புக் காற்றிலும் சுடுமணலிலும் இம்மரம் பசுமை மாறாமல் நிற்கிறது.

இந்த மரம் நம் தேசத்தில் அந்தமான் கரைகளில் இயல்பாகவே வளர்வது. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பின், இஞ்சின்களின் அகோரப் பசிக்கு விறகு வேண்டிச் சோழமண்டலக் கரையின் தரிசு மணலில் சவுக்கைப் பயிரிடலாயினர். சாரமற்ற மணலில் அது செழித்ததற்கு, வேர் முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரும் ஒரு காரணம். இன்று நெருக்கமாக நட்டு, நீர் பாய்ச்சி, 3 அல்லது 4 ஆண்டுகளிலேயே வெட்டிவிடுகிறார்கள். கம்பு போக எஞ்சியது காகித ஆலைக்கோ அடுப்புக்கோ போகிறது.

நிலமும் நீரும் நட்ட இடைவெளியும் மரத்தின் பருமனை மிகுதியும் நிர்ணயிக்கின்றன. ஆனால் தண்டின் நேர்த்தியும் கிளைகளின் பாங்கும் பெரும்பாலும் பிறவிக் குணங்கள். இங்கேதான் ஒரு தலைமுறைத் தவறு நிகழ்கிறது. நெடுகி நிமிர்ந்த மரங்களை நல்ல விலைக்கு முதலில் வெட்டி விற்றுவிட்டு, கோணியும் முடங்கியும் நிற்கும் மிச்ச மரங்களிலிருந்து விதை சேகரிப்போமானால், ஒவ்வொரு தடவையும் கெட்டவற்றையே பொறுக்கிச் சந்ததி விருத்தி செய்தவர்களாவோம். மேலும், சவுக்கு காற்றினால் மகரந்தம் பெறுவது. ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ மற்றொரு மரத்திலுமாக இருப்பதே அதில் பெரும்பான்மை. ஆகையால் எவ்வளவு உத்தமமான தாய் மரத்தைத் தேர்ந்தெடுத்தாலும், தந்தை எந்தத் தோப்பின் கோணல் மரமோ, யார் கண்டது?

இதற்குப் பரிகாரம் தேடுவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டு இயங்குவது, 1988இல் கோயம்புத்தூரில் உருவான வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம். தோப்புகளில் தேர்ந்த மரங்களை அடையாளமிட்டு, அவற்றின் வாரிசுகளைப் பல இடங்களில் நட்டு ஒப்பிட்டு, தாழ்ந்தவற்றைக் களைந்து, அயல் மகரந்தம் எட்டாத விதைத் தோட்டங்களை அமைப்பது ஒரு வழி. இளங்கொழுந்தைக் கிள்ளி, வேரூக்கியில் தோய்த்து, ஈரப்பதம் நிறைந்த கூடாரத்தில் வைத்துச் சில வாரங்களில் வேர்பிடிக்கச் செய்வது மற்றொரு வழி. இப்படிப் பிறக்கும் கன்று தாயின் அச்சு அசலான பிரதி; அதையே குளோன் என்பார்கள். தாய்லாந்திலிருந்து முன்னமே இங்கு வந்த ஜுங்ஹுனியானா கலப்பினம் ஆண் மரமாகவே இருந்தபடியால், விதைக்கு வழியின்றி இம்முறையில்தான் பெருகியது. ஜுங்ஹுனியானா இனத்தையும் நம் கரையோரச் சவுக்கையும் சேர்த்து, விரைந்து வளரும் கலப்பினங்களை இந்த நிறுவனம் உண்டாக்கியிருக்கிறது. காற்றைத் தடுப்பதற்கென்றே தனிக் குளோன்களும் உண்டு.

சவுக்கின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் வாசித்தபோது அதில் சுமார் 30 கோடி எழுத்துகளே இருப்பது தெரியவந்தது. அமெரிக்கத் தோப்புகளின் லாப்லாலி பைனுக்கோ ஏறத்தாழ 2,200 கோடி! இத்தனை சுருக்கமான ஏட்டில் நேர்த்திக்கும் நோய் எதிர்ப்புக்கும் உரிய இடங்களைத் தேடுவது ஓரளவு எளிது என்பதனால், மர ஆராய்ச்சியாளர்களுக்குச் சவுக்கு ஒரு பாக்கியமே.

ஆயினும், ஒரே குளோனைத் தாலுகா முழுவதும் நட்டு நிரப்புவது விவேகமென்று எனக்குத் தோன்றவில்லை. பட்டை கொப்புளித்து மரமே பட்டுப்போகும் பூஞ்சை நோய் சவுக்குக்கு உண்டு. எல்லா மரமும் ஒரே பிறவியானால், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். அதேபோல், நன்மங்கலத்துக் காட்டிலும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்திலும் எஞ்சியிருக்கும் புதர்க்காடு சவுக்குக்கு உரிய இடமன்று. அங்கே காட்டை அதன் போக்கில் விடுவதே முறை. பயிரிடும் நிலத்துக்குக் கன்று வாங்கப் போகிறவர்கள், விலையை விசாரிக்குமுன் அது விதைக் கன்றா, குளோன் கன்றா, எந்தத் தோட்டத்து விதை, எந்தக் குளோன் என்று நாற்றங்காலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று குளோன்களைக் கலந்து நடுங்கள்.