முடக்குவாதமும் வெண்ணணுக்களும்

காலையிற் கண்விழித்து ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்காமல், காப்பிக் குவளையையும் இரு கைகளாலே தாங்கிப் பிடிக்கும் நோயாளரை நம்மிற் பலர் கண்டிருப்போம். முடக்குவாதம் என நாம் வழங்கும் இந்நோயை மேனாட்டு வைத்தியர் 'ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ்' என்பர். முதுமையில் தேய்மானத்தால் நேரும் மூட்டுவலி வேறு, இது வேறு. இஃது இளவயதினரையும் பற்றும். ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும்.

இதன் காரணம் யாதெனின், நம்மைக் காக்கவேண்டிய வெண்ணணுக்களே மூட்டின் உட்சவ்வினுட் புகுந்து கலகம் விளைப்பதாம். அவை பல இனத்தன. அவற்றுள் 'டி' அணுக்கள் பகையை இனங்கண்டு ஏனையவற்றை ஏவும். 'பி' அணுக்கள் எதிர்ப்புப் பொருள்களை ஆக்கும். இந்நோயிலோ, நமது உடலின் புரதங்களையே இவை அயலெனக் கொண்டுவிடுகின்றன. 1940-ல் நார்வே நாட்டு எரிக் வாலர் என்பார் இந்நோயாளரின் குருதியிற் கண்டது, எதிர்ப்புப் பொருளையே எதிர்க்கும் மற்றோர் எதிர்ப்புப் பொருளாகும்! இதனை முதன்முறை படித்தபோது நாம் அச்சுப்பிழையோ என ஐயுற்றோம்.

இனி, பெருவிழுங்கணுக்கள் என்பனவும் உள. இவை 'டி.என்.எப்.' என்னும் பொருளைச் சுரக்க, அது வீக்கத்தை மூட்டி, மேலும் அணுக்களை வரவழைத்து, எலும்பை அரிக்கும் அணுக்களையும் தூண்டுகிறது. 1992-ல் லண்டன் நகரில் மைனி, பெல்ட்மன் என்னும் அறிஞர் இருவர், அவ்வொரு பொருளை மட்டும் அடக்கும் மருந்தை நோயாளர்க்குச் செலுத்திப் பார்த்தனர். ஒன்றை அடக்கினால் வேறொன்று அதன் தொழிலை ஏற்றுக்கொள்ளுமே என்றவர் பலர். ஆயினும், வீக்கமும் வலியும் சில வாரங்களிற் பெரிதும் தணிந்தன.

நிற்க. அவ்வணுக்கள் வீணே பிறந்தவையல்ல. க்ஷயரோகக் கிருமி நம்மவர் பலருடைய உடலில் நோய் செய்யாது உறங்கிக் கிடக்கிறது. அதனைச் சூழ்ந்து மதில்போல் நிற்பவையும் பெருவிழுங்கணுக்களே. அம்மதில் குலையாமற் காப்பதும் அதே டி.என்.எப். தான். மருந்து வழக்கிற்கு வந்தபின், அதனைப் பெற்றவர் சிலருக்கு க்ஷயம் மூண்டதென 2001-ல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அம்மருந்தைத் தொடங்குமுன் மார்பை எக்ஸ்ரே எடுப்பதும், க்ஷயச் சோதனை செய்வதும் அதனாற்றான். க்ஷயம் மலிந்த நம் நாட்டில் இதனை வெறும் சடங்கென்று தள்ளுவதற்கில்லை.

கலகத்தைத் தணிக்கும் டி அணுக்களும் உடலில் உள என ஜப்பானியராகிய சகாகுச்சி 1995-ல் காட்டினார். 2025-ல் நோபெல் பரிசிலும் பங்கு பெற்றார். மதிலைக் குலைக்காது மூட்டை மட்டும் காக்க இவற்றைப் பயன்படுத்தலாகுமா என்பதை அறிஞர் இப்போது ஆராய்ந்து வருகின்றனர்.