தோல் கழலை நோய்: பதறி மாட்டை விற்க வேண்டாம்

ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு, மாட்டின் உடம்பெங்கும் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் கிளம்பிவிட்டால் உயிரே பாதி போய்விடுகிறது. பால் குறைகிறது, கடன் தவணை கண்முன் நிற்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் தரகர்களும் தொழுவத்துக்கு வருகிறார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அப்படி விற்ற மாடு அடுத்த சந்தைக்குப் போய் பத்து ஊருக்கு நோயைக் கொடுக்கிறது. விற்றவருக்கும் நட்டமே. ஏனெனில் இந்த நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. இறப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான்.

1929இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்நோய், 2019இல் ஒடிசா வழியாக நம் நாட்டில் தலைகாட்டியது. 2022இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. ஆகவே அலட்சியமும் கூடாது.

இது அம்மை இனத்தைச் சேர்ந்த வைரஸ் நோய். முதலில் கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், தீனி எடுக்காமை. பிறகு கழுத்து, முதுகு, மடி எங்கும் கட்டிகள். கால்களும் அலைதாடியும் வீங்குவதுண்டு. சினை மாடு கன்று வீசவும் கூடும். கலப்பினப் பசுக்களுக்குத் தாக்கம் அதிகம், எருமைகளுக்குக் குறைவு. மனிதருக்கு இது தொற்றாது. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

நோயைச் சுமந்து செல்பவை கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை. எனவே தொழுவத்தில் சாணமும் மூத்திரமும் தேங்கவிடாமல், மாலையில் வேப்பிலைப் புகை போடுவது அவசியம். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, தண்ணீர்த் தொட்டி, கயிறு எல்லாவற்றையும் அதற்கென்று தனியாக வைக்க வேண்டும். நல்ல மாடுகளுக்குத் தீனி வைத்துக் கறந்த பிறகே நோயுற்றதிடம் போக வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி அயலாரைத் தள்ளி நிறுத்திய நம் பெரியவர்களின் வழக்கம் இங்கே நன்றாகவே பொருந்தும். ஆனால், 'அம்மைதானே, மருந்து கூடாது' என்று மருத்துவரைத் தவிர்ப்பது மாட்டைக் கொல்லும் வழி. புண்ணில் சீழ் பிடித்தாலோ, நுரையீரல் கெட்டாலோதான் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து. அதற்கு மருத்துவரின் ஊசி மருந்து தேவை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மருத்துவத்துக்குத் துணையாக வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் இவற்றை அரைத்து வெல்லம் கலந்து, சிறிது சிறிதாக நாக்கில் தடவிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று மணிக்கு ஒரு முறை, மறுநாள் முதல் இரண்டு வாரம் தினம் மூன்று வேளை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைப்பது முக்கியம். புண்ணுக்கு, குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் சேர்த்து அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, ஆறியபின் தடவலாம். புழு வைத்திருந்தால் முதலில் சீத்தா இலை விழுதைப் பூச வேண்டும்.

நோய் வராத மாடுகளுக்குத் தடுப்பூசி உண்டு. ஆட்டம்மைத் தடுப்பூசியே இதற்கும் பயன்படுகிறது. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கன்றுகள் முதல் போடலாம். முழுப் பாதுகாப்பு கிடைக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதால், பக்கத்து ஊரில் நோய் வந்தபின் ஓடுவதைவிட முன்னமே போடுவது நலம். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமோ, ஓரிரு நாள் காய்ச்சலோ வந்தால் அஞ்ச வேண்டாம். தடுப்பூசியில் நம்பிக்கை இல்லாதவர்கள் வெக்கை நோயை நினைத்துப் பார்க்கலாம். ஊர் ஊராக மாடுகளை வாரிச் சென்ற அந்த நோய், 1954இல் தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தால் படிப்படியாக ஒடுங்கி, 2011இல் உலகத்தைவிட்டே ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது.

மாடு இறந்துவிட்டால் தோலை உரிக்காமல், கிணறு, ஓடைக்கு எட்ட ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். காப்பீடு செய்த மாடானால், புதைக்கும் முன்பே நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தெரிவித்துவிட வேண்டும். காது வில்லை பத்திரம்.

தேறிய மாட்டுக்குப் பசுந்தீவனமும், தவிடு கலந்த கஞ்சியும் கொடுத்துவந்தால் பால் மெல்ல ஏறும். பருவத்துக்கு வரச் சில மாதம் தாமதமாகலாம். அதற்குள் மலடு என்று கழிக்காமல், மருத்துவரிடம் காட்டியபின் சினை ஊசி போட்டுக்கொள்ளலாம்.