மை வைத்த விரல் – 11: ஊருக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்கள்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் முதலிடம் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்கு. 87.33 சதவீத வாக்குப்பதிவு. கடைசி இடம் சென்னை வில்லிவாக்கத்துக்கு, 55.52. தக்காளி மண்டிக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் பெயர் வாங்கிய, மழையை நம்பிப் பிழைக்கிற ஒரு தாலுகா தலைநகரத்தைத் தோற்கடித்தது என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. படித்தவர்கள் ஓட்டுப் போட வருவதில்லை என்று சென்னைக்காரர்களுக்கு அறிவுரையும் கிடைத்தது.

அந்தப் பாராட்டையும் அறிவுரையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பாலக்கோட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று போய்க்கிடப்பவர்கள் ஏராளம். மேஸ்திரி கூப்பிட்டால் கணவனும் மனைவியுமாகக் கிளம்பி, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிற குடும்பங்கள் மாரண்டஅள்ளிப் பக்கமும் உண்டு, காரிமங்கலம் பக்கமும் உண்டு. இவ்வளவு பேர் வெளியூரில் இருக்கிற தொகுதியில் 87 எப்படி வரும்? சந்தேகக்காரர்கள் உடனே ‘கள்ள ஓட்டு’ என்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் பதில் எளிமையானது: ஓட்டுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள். ராயக்கோட்டை வழியாக வரும் பஸ்களில் தேர்தலுக்கு முந்தைய இரவு நிற்க இடம் இருக்காது. (வேன் பிடித்து வாக்காளரை இலவசமாக ஏற்றிவருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 123(5) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. எல்லாத் தேர்தலிலும் எல்லாக் கட்சி மீதும் இந்தப் புகார் வரும், அதோடு சரி.)

சென்னைக் கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம். 2021இல் சென்னை மாவட்டத்தில் வாக்காளர்கள் 40 லட்சத்துக்கும் மேல். பதிவானது 59.06 சதவீதம், அதாவது ஏறத்தாழ 24 லட்சம் ஓட்டு. 2025 நவம்பரில் தேர்தல் ஆணையம் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற எஸ்.ஐ.ஆரைத் தொடங்கி, டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியலை வெளியிட்டது. சென்னையில் 14.25 லட்சம் பெயர்கள் காணாமல் போயின. மிச்சம் 25.79 லட்சம். ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கைக்கு அருகிலேயே பட்டியலும் வந்து நின்றுவிட்டது. நீக்கப்பட்டவர்களில் உயிரோடு அதே வீட்டில் இருந்தவர்களும் உண்டு என்பதால் இந்த ஒப்பீட்டை முழுதாக நம்பக் கூடாதுதான். ஆனாலும் சென்னைக்காரர் வாங்கிய திட்டில் பெரும்பங்கு இறந்தவர்களுக்கும் வீடு மாறிப் போனவர்களுக்கும் போய்ச் சேரவேண்டியது.

பழுதான பட்டியல் எப்போதும் இரண்டு பக்கமும் வெட்டும். இறந்தவர் பெயரும் ஊரைவிட்டுப் போனவர் பெயரும் கிடந்தால், அந்தப் பெயரில் வேறொருவர் வந்து நிற்க இடம் இருக்கிறது. அதைத் துடைக்கிறேன் என்று அவசரப்பட்டால் இருப்பவரும் சேர்ந்து துடைபடுவார். மாநிலம் முழுக்க 6.41 கோடியாக இருந்த பட்டியல் அந்த வரைவில் 5.43 கோடியானது. 97 லட்சத்துக்கும் அதிகமான நீக்கத்தில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துக்கும் மேல். மீதி ஏறக்குறைய முழுவதும், 66 லட்சத்துக்கும் மேல், இடம்பெயர்ந்தவர் அல்லது முகவரியில் இல்லாதவர். பாலக்கோட்டின் கேள்வி இந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஒரு கொத்தனாரை எண்ணிக்கொள்வோம். பெங்களூரில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார். ரேஷன் அட்டை, வீடு, தாய், குலதெய்வம் எல்லாம் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில். அவர் எங்கே குடியிருப்பவர்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950இன் 20ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. அடுத்து வரும் 1ஏ, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் அல்லாமல் போய்விடமாட்டார் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் கொத்தனார் பாலக்கோட்டு வாக்காளர்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் மகன் பெங்களூரிலேயே பள்ளியில் சேர்ந்து, வாடகை ஒப்பந்தமும் போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

நம் கொத்தனாருக்குக் கர்நாடகத்திலும் ஒரு ஓட்டு இருந்தால்? அந்தக் கவலை பொய்யில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றும் பெங்களூரில் ஏப்ரல் 26 அன்றும் வாக்குப்பதிவு. ஒரே வாரம் என்பதால் இடதுகை ஆட்காட்டி விரலில் வைத்த மை காட்டிக்கொடுத்துவிடும். 1962 தேர்தலிலிருந்து அந்த மை மைசூரிலிருந்துதான் வருகிறது. ஆனால் சட்டமன்றத் தேர்தல்? இங்கே 2021, அங்கே 2023. இரண்டு வருடம் நிற்கிற மை எங்கும் இல்லை. ஒருவர் பெயர் இரண்டு தொகுதியில் இருக்கக் கூடாது என்று அதே 1950 சட்டம் சொல்கிறது; அதைப் பிடிக்கப் பட்டியலைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே பட்டியலைத் திருத்தவே கூடாது என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

எனக்கு வழக்கு, திருத்திய காலத்தோடு. கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கிய நாட்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 14 வரை, முதலில் அறிவித்த கெடுவை நீட்டித்த பிறகு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அடுத்து வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்புவது பொங்கலுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே, வீடுகள் பூட்டியே கிடக்கிற ஆறு வாரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கன்வாடிப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் கதவைத் தட்டச் சொன்னால் என்ன பதில் வரும்? மூன்று முறை போக வேண்டும், வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், இணையத்திலும் நிரப்பலாம் என்றெல்லாம் வழி இருந்தது உண்மை. ஆனால் படிவத்தில் 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று எழுத வேண்டும். 2002இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை; 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 2008இல் தொகுதி எல்லைகளும் மாறிவிட்டன. ஓசூர்ப் பக்கத்திலிருந்து பாலக்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் அப்பா அன்றைக்கு எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருந்தார் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத மாமியாரா பூர்த்தி செய்வார்?

பொங்கலுக்கு வந்தவர்கள் விண்ணப்பித்திருக்கலாமே என்பார்கள். முடிந்தது, வரைவுக்குப் பிறகு அதற்கென அவகாசம் இருந்தது. ஆனால் படிவம் 6. பதினெட்டு வயது நிரம்பியவர் முதன்முதலாகக் கொடுக்கிற அதே படிவம். இருபது வருடம் ஓட்டுப் போட்டவர் புதிதாக வந்தவராக மனு எழுத வேண்டியிருந்தது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நீக்குவதானால் நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்ட முடியாது என்ற திசையில் உச்ச நீதிமன்றம் 1995லேயே லால் பாபு உசேன் வழக்கில் பேசியிருக்கிறது. நாற்பது நாளை முன்னே பின்னே நகர்த்தியிருந்தால் பாலக்கோடு போன்ற இடங்களில் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

இதே தருமபுரி மாவட்டத்தில் தேர்தல் முறைகேட்டுக்கு ஆணையமே நடவடிக்கை எடுத்த வழக்கு ஒன்று உண்டு. அதையும் பார்த்தால்தான் எந்தப் பூட்டு எந்தக் கதவுக்கு என்று தெரியும். 2019 ஏப்ரல் 18 அன்று தருமபுரி மக்களவைத் தொகுதிக்கும், அதற்குள் அடங்கிய பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. பாலக்கோடும் அதே மக்களவைத் தொகுதிதான். பாப்பிரெட்டிப்பட்டியில் நத்தமேடு உள்ளிட்ட சில இடங்களில் சாவடிகள் கைப்பற்றப்பட்டதாகப் புகார் எழுந்தது. தமிழகத்தில் மொத்தம் 13 சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அவற்றில் எட்டு பாப்பிரெட்டிப்பட்டியில்.

இப்படிப்பட்ட புகாரில் வெளியூர் ஆள் யாரும் வர வேண்டியதில்லை. போலி அட்டை வேண்டாம், செத்தவர் பெயர் வேண்டாம். பட்டியல் சுத்தமாக இருக்கும், அட்டையும் சரியாக இருக்கும்; சாவடிக்குள் மற்ற கட்சி ஏஜென்ட் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் போதும். காசு கொடுத்த கதையும் அப்படியே. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று பணப் புகாரால் தேர்தல் நிறுத்தப்பட்ட இடங்களில் பணம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது உண்மையான வாக்காளரிடம்தான்.

ஆள்மாறாட்டத்துக்குச் சிற்றூரில் நிஜமான தடை ஏஜென்டின் கண். யார் வீட்டு மருமகள், யார் இறந்து எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். விதியில் தொகை இன்னும் அதேதான், ஒரு டீ குடிக்கக்கூடப் பற்றாது. அந்தக் கண் இருக்கிற இடத்தில் ஆவணக் கெடுபிடியைத் தளர்த்தலாம் என்பது என் எண்ணம். இல்லாத இடத்தில் முடியாது. 2022 டிசம்பரில் ஆணையம் அறிவித்த தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் இங்கேதான் சறுக்கியது. ஓர் இயந்திரத்தில் 72 தொகுதி. பாலக்கோட்டுக் கொத்தனார் பெங்களூரிலேயே ஓட்டுப் போடலாம் என்று சொன்னார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளுக்குக் காட்டுவதற்காகக் கூட்டிய கூட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. 72 தொகுதி முகத்தை அடையாளம் சொல்ல எந்தக் கட்சியிடம் ஏஜென்ட் இருக்கிறார்? பெரிய கட்சி ஒருவேளை அனுப்பும், சுயேச்சை என்ன செய்வார்? இதற்குப் பதில் வராமலே திட்டம் ஓரங்கட்டப்பட்டது.

இன்னொரு பக்கம், பென்னாகரம் வட்டத்தில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் இதே மாவட்ட அதிகாரிகள், ஒரு முறை அல்ல. மலைமேல் இருப்பவரைத் தேடிப்போக மனம் வந்த நிர்வாகத்துக்கு, பெங்களூருக்குப் போனவரைப் பொங்கலன்று அவர் வீட்டிலேயே பார்ப்பது எளிய வேலை. கழுதைகூட வேண்டாம்.

அடுத்த வாரம்: சாவடிக்குள் கேமரா வைத்தார்கள். அந்தப் பதிவை வாக்காளர் கேட்க முடியாதபடி 2024 டிசம்பரில் விதியை மாற்றினார்கள், 45 நாளில் அழிக்கலாம் என்று 2025 மே மாதம் உத்தரவிட்டார்கள். ஏன்?

(தொடரும்)