வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

புது லேப்டாப்புக்கு பில் போடும்போது கடைக்காரர் கேட்பார்: “ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?” வேண்டாம் என்று சொல்லப் பலருக்குப் பயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஓடும் வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற முழுமையான ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்தால் அது வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். வேறொரு ஆன்டிவைரஸை ஏற்றினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். புது லேப்டாப்பில் சில நாள் சோதனைக்கென்று ஏற்றி அனுப்பிய ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால், அதை நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும்.

இது வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழைய வழி, காவல் நிலையத்தில் கைரேகை ஒப்பிடுவது போன்றது. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் ஒரு பட்டியலாக இருக்கும். நீங்கள் திறக்கும் கோப்பு அதோடு ஒத்துப்போனால் தடுத்துவிடும். இதைச் சோதிப்பதற்கென்றே ‘ஐகார்’ என்ற 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி இருக்கிறது. எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனாலும் அதை வைரஸாகவே கருதுவது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் எச்சரிக்கை எழும். கோப்பு தனியே அடைக்கப்படும்.

புதிதாக எழுதப்பட்ட வைரஸ் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதனால் இப்போது ஆன்டிவைரஸ் நிரல்களின் நடத்தையையும் கவனிக்கிறது. முன்பின் தெரியாத ஒரு நிரல் உங்கள் புகைப்படங்களை மளமளவென்று திறந்து பூட்டி எழுதத் தொடங்கினால், அது பணம் பறிக்கும் ரான்சம்வேராக இருக்கலாம் என்று நிறுத்தப் பார்க்கும். எப்போதும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் பலருக்கும் அறிமுகமானது பென்டிரைவ் வழியே வரும் ஷார்ட்கட் வைரஸ். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், ஃபோல்டர்களின் மூலையில் சின்ன அம்புக்குறி. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். இந்த மாதிரி பழைய வகைகளை டிஃபெண்டர் எளிதாகப் பிடிக்கும்.

அதை நாமே அணைத்து வைக்கும்போதுதான் ஆபத்து. திருட்டு போட்டோஷாப், கிராக் செய்த கேம் எதை இறக்கினாலும் கூடவே ஒரு குறிப்பு வரும்: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.’ தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும் நிரல்கள் பல இந்த வழியாகத்தான் நுழைகின்றன. குக்கீ கையில் கிடைத்தால், பாஸ்வேர்டு தெரியாமலேயே உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்துவிடலாம்.

ஆன்டிவைரஸைவிட முக்கியமானது விண்டோஸ் அப்டேட். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைத் தடுமாற வைத்தது. அது பரவ யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறது மைக்ரோசாஃப்ட். பட்டியல் வருகிறதே என்று இருந்துவிடக் கூடாது, ஓட்டைகளை அது அடைக்காது. முடிந்தால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள்.

கூடுதல் ஆன்டிவைரஸ் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை அல்ல. இந்த மென்பொருள்கள் கணினியின் அடிமட்டம் வரை அதிகாரம் பெற்றவை. பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்ற விவகாரத்தில், அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் அறிவித்தது.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்பவரை எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது. எனிடெஸ்க் முறையான மென்பொருள்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஆன்டிவைரஸ் ஆண்டுச் சந்தாவுக்கு எடுத்துவைத்த பணத்தை வெளி ஹார்டு டிஸ்க் வாங்கச் செலவிடுங்கள். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் மாதம் ஒருமுறை அதில் பிரதி எடுங்கள். எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.