கிணற்றைக் காட்டிக்கொடுத்த கணக்கு

தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தது. அதற்குப் பிறகு, மாட்டு வண்டி மட்டுமே போன உட்பகுதிக் கிராமங்களைவிடக் கொழும்புதான் இந்த ஊருக்குப் பக்கமாகப் பட்டது. கங்காணிகள் திரட்டிய தோட்டத் தொழிலாளர்கள் ரயிலில் வந்திறங்கிக் கப்பலேறினார்கள். கூடவே காலராவும் அம்மையும் ஏறின. அதனால் இலங்கைக்குப் போகிறவர்களுக்கென்றே மேற்கே தட்டப்பாறையில் தடுப்பு முகாம் இருந்தது. 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்த பின் மண்டபம் முகாம்தான் பெரிதாயிற்று.

முத்துக் குளிக்கும் பருவமான சலாபம் வேறு சங்கதி. அந்தக் காலத்தில் வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும்: குளிகாரர், கயிறு பிடிப்பவர், வியாபாரி, முத்தெடுக்க அழுகவிட்ட சிப்பிக் குவியல், ஈ. நல்ல தண்ணீர்தான் இருக்காது. காலரா புகுந்து சலாபம் பாதியில் கலைந்ததும் உண்டு.

காலரா நோய்க்குக் கணக்கு போட்டவர் மெக்கென்ட்ரிக். கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர். இந்தியக் கிராமம் ஒன்றின் கணக்கை 1926-ல் வெளியிட்டார். மொத்தம் 223 வீடுகள். 32 வீட்டில் ஒருவருக்கு, 16-ல் இருவருக்கு, 6-ல் மூவருக்கு, ஒன்றில் நால்வருக்கு நோய். 168 வீட்டில் யாருக்கும் இல்லை. நோய் எல்லா வீட்டையும் ஒரேபோல நெருங்கியிருந்தால், பாதிக்கப்பட்ட வீடுகளில் எத்தனை பேருக்கு நோய் என்ற பங்கீடே, நோய் நெருங்கியும் தப்பியவை எத்தனை என்று சொல்லிவிடும். விடை சுமார் 38. அப்படியானால் மீதி 130 வீட்டுப் பக்கம் நோய் எட்டியே பார்க்கவில்லை. ஊரில் பல கிணறுகள் இருக்கும், 93 வீட்டார் குடித்த ஒன்று மட்டும் கெட்டிருக்கும் என்று ஊகித்தார். விசாரித்தால் அப்படியே இருந்தது! ஊர்ப்படம் கையில் இல்லாமலே இடத்தைச் சொன்ன கணக்கு இது.

விந்தை என்னவென்றால், அடுத்த ஆண்டு கெர்மாக் என்பவரோடு சேர்ந்து அவர் தந்த புகழ்பெற்ற தொற்றுநோய்ச் சமன்பாட்டில் இடத்துக்கு இடமில்லை. எல்லாரும் எல்லாரோடும் சமமாகக் கலப்பதாக வைத்துக்கொண்டு, பம்பாய்ப் பிளேக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். ஊர்களுக்கிடையே மக்கள் போக்குவரத்தைச் சேர்த்தது பின்வந்தவர்கள். 2013-ல் ஆய்வாளர்கள் பிராக்மனும் ஹெல்பிங்கும் மைலை விட்டுவிட்டு, விமானப் பயணிகளின் எண்ணிக்கையால் தூரத்தை அளந்தார்கள். குழம்பிக் கிடந்த நோய்ப் பரவல், அந்த அளவில் சீரான வட்டமாக விரிந்தது.

தூத்துக்குடிக்கு அந்த விமானக் கணக்கு மட்டும் போதாது. பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி ஏற்றி மாலத்தீவு போகும் தோணியும், மீன்பிடிக்கப் போகும் விசைப்படகும் எந்த விமானப் பட்டியலில் வரும்? இங்கே சரியான கணித மாதிரி வேண்டுமென்றால், தோணியில் யார் போனார், எங்கே தண்ணீர் பிடித்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.