நாகையில் அதிகாலை கப்பல்… பின் சீட்டில் குழந்தைகள்: சென்னையில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய், மாலை 7 மணிக்கு வீடு திரும்பி, பேக்கிங் முடித்து, குழந்தைகளைச் சாப்பிட வைத்து, ராத்திரி 11 மணிக்குக் காரை ஸ்டார்ட் செய்கிறார் ஒரு அப்பா. பின் சீட்டில் ஐந்து வயது மகள், ஒன்றரை வயது மகன். விடிந்தால் நாகப்பட்டினத்தில் காங்கேசன்துறை கப்பல். "ராத்திரி ரோடு ஃப்ரீயா இருக்கும், பிள்ளைங்களும் தூங்கிடும்" என்பதுதான் திட்டம்.

கேட்க நல்ல திட்டம்தான். ஆனால், அவர் சாவியைத் திருப்பும்போதே கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று தூக்கம் குறித்த ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவே 30 மி.கி.தான். அதாவது, ஒரு சொட்டு மது குடிக்காமலேயே, பெருங்களத்தூரைத் தாண்டும் முன்பே அவர் 'லிமிட்'டைத் தாண்டிவிட்டார். அதிகாலை 4 மணிக்கு சீர்காழி பக்கம் போகும்போது கணக்கு 22 மணி நேரம். எந்த போலீஸ் மிஷினும் இதைக் காட்டிக்கொடுக்காது.

இந்தப் பயணத்தின் ஒரே பெரிய பிரச்சினை இதுதான். பால் பாட்டில், டயாபர், வாந்தி எல்லாம் அடுத்தது.

முதலில் கப்பலைப் பற்றி…

தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்கு 1914-ல் தொடங்கிய 'போட் மெயில்' காலத்துக் கப்பல் பயணம், 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கை உள்நாட்டுப் போரால் நின்றே போனது. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை இடையே மீண்டும் கப்பல் விடப்பட்டது. சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது. கடலில் சுமார் 110 கி.மீ., ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கே இறங்கினால் யாழ்ப்பாணம் 18 கி.மீ.தான்.

இரண்டு விஷயங்களை முதல் முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, இது பயணிகள் கப்பல், கார் ஏறாது. வண்டியை நாகையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதை எங்கே, எத்தனை நாள் விடப் போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அதிகாலை 5 மணிக்குத் துறைமுக வாசலில் நின்று பார்க்கிங் தேடுவது குழந்தைகளோடு முடியாத காரியம். போகும்போதோ வரும்போதோ தங்கும் லாட்ஜிலேயே பேசி வண்டியை விடுவது பலருக்கும் சுலபமான வழி.

இரண்டு, இது பஸ் இல்லை. கடல் சரியில்லை என்றால் கப்பல் ரத்து. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதக்கணக்கிலேயே சேவை நிற்கும். புறப்படும் நேரமும் தொடக்கத்தில் இருந்து பலமுறை மாறியிருக்கிறது. அதனால் நண்பர் போன வருஷம் சொன்ன நேரத்தை நம்பாமல், உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பூட்டும் முன் கடைசியாக ஒருமுறை கப்பல் நிறுவனத்திடம் "நாளைக்குக் கிளம்புதா?" என்று கேட்டுவிடுவது, திண்டிவனத்தில் யூ-டர்ன் அடிப்பதைத் தவிர்க்கும்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

கப்பல் காலை 7.30, ரிப்போர்ட்டிங் 5.30 என்று வைத்துக்கொள்வோம். இது வெளிநாட்டுப் பயணம். இமிகிரேஷன், கஸ்டம்ஸ், லக்கேஜ் சோதனை எல்லாம் உண்டு. கடைசி நேரத்தில் ஓடி ஏற முடியாது. குழந்தைகளை எழுப்பி, முகம் கழுவி, உடை மாற்றி, வண்டியை நிறுத்திவிட்டு வர ஒரு மணி நேரம். ஆக 4.30-க்கு நாகை ஊருக்குள் இருந்தாக வேண்டும். சென்னையில் இருந்து 300 கி.மீ. சொச்சம். ஓட்டும் நேரம் மட்டும் ஆறரை மணி. குழந்தைகளுக்காக நிறுத்தும் நேரம் ஒன்றரை மணி. மொத்தம் எட்டு மணி நேரம். இரவு 8.30-க்கே கிளம்ப வேண்டும்.

இந்தக் கணக்கில் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் கடைசிப் பகுதி, அதாவது 2 மணி முதல் 4.30 வரை ஓட்டும் நேரம், மோசமான நேரம். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும்கூட அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். 80 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி யாருமே ஓட்டாமல் 67 மீட்டர் போய்விடும். அந்த மூன்று விநாடியை 'தூங்கினோம்' என்றுகூட ஓட்டுபவர் உணர்வதில்லை.

அப்போ என்னதான் செய்வது? சிறந்த இரவுப் பயணம் என்பது இரவில் போகாத பயணம்தான். முதல் நாள் மதியம் 2 மணிக்குள் கிளம்பினால், தாம்பரம் - செங்கல்பட்டு மாலை நெரிசலில் சிக்காமல், இரவு 9 மணி வாக்கில் நாகைக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்விடலாம். வேளாங்கண்ணி நாகையில் இருந்து சுமார் 12 கி.மீ. தங்குமிடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் ரூம் வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் ராத்திரி ஓட்டுகிறார்கள். நான்கு பேருக்கான கப்பல் டிக்கெட் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

லீவு கிடைக்கவில்லை, மாலைதான் கிளம்ப முடியும் என்றால் அடுத்த வழி: 7 மணிக்குள் கிளம்பி, மூன்று மணிக்கு முன் போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரமாவது கால் நீட்டித் தூங்குவது. அதற்கும் ரூம் தேவை என்பதைப் புக் செய்யும்போதே "ராத்திரி 2 மணிக்கு வருவோம்" என்று சொல்லிவையுங்கள். அன்று மதியம் ஓட்டுபவர் ஒன்றரை மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். பேக்கிங்கை அன்றைக்கு அவர் தொடவே கூடாது.

ஆக்டிங் டிரைவர் போடுவதும் நல்ல யோசனை. ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பகல்ல வேற டூட்டி பார்த்தீங்களா?" ஆமாம் என்றால், உங்கள் தூக்கக் கலக்கத்துக்குப் பதிலாக அவருடைய தூக்கக் கலக்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். எழும்பூரில் இருந்து இரவில் நாகை வழியாகக் காரைக்கால் போகும் கம்பன் எக்ஸ்பிரஸும் இருக்கிறது. குழந்தைகளுக்குப் படுக்கை, கார் பார்க்கிங் தலைவலி இல்லை. ஆனால் நாகை வந்து சேரும் நேரத்துக்கும் ரிப்போர்ட்டிங் நேரத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, ரயில் ஒரு மணி நேரம் லேட்டானால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்.

"நீ கொஞ்சம், நான் கொஞ்சம்" வேலைக்கு ஆகுமா?

கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவது காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில், ஓட்டாத நேரத்தில் அவர் பின்னால் உட்கார்ந்து அழும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் இருவருமே தூங்கியிருக்க மாட்டார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு பெரியவர், பாட்டியோ சித்தப்பாவோ, வண்டியில் இருந்தால் மட்டுமே இந்தத் திட்டம் நிஜமாகவே வேலை செய்யும்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் ஐந்து, பத்து நிமிஷ வேலை. காபி உதவும், ஆனால் குடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். அதனால் காபி குடித்துவிட்டு உடனே 15-20 நிமிடம் குட்டித் தூக்கம் போட்டு எழுவதுதான் ஓரளவு பலன் தரும் வழி. அதுவும் தற்காலிகம்தான். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே ஞாபகம் இல்லையா? அப்போதே நிறுத்திவிடுங்கள்.

நிறுத்துவது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக, பெட்ரோல் பங்க் போல இருக்கட்டும். ரோட்டோரத்தில் இருட்டில் வேண்டாம். கண்ணாடியை முழுக்க ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யில் குடும்பத்தோடு தூங்குவதும் ஆபத்து. நின்ற வண்டிக்குள் கார்பன் மோனாக்ஸைடு கசிந்தால் வாசனைகூட வராது.

எந்த ரோடு?

பகலில் ஈ.சி.ஆர். அழகு. இரவில், மாமல்லபுரத்தைத் தாண்டினால் நீண்ட தூரம் இருட்டு, ரோட்டில் மாடுகள். ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் போய், அங்கிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாகப் போவது குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி. இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடைகளும் கழிப்பறைகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். விழுப்புரம் - நாகை நான்கு வழிச்சாலைப் பணி பகுதி பகுதியாக நடந்துவந்த பாதை இது. மாற்றுப்பாதை வந்தால் மேப் காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துக்குப் பிறகு டெல்டா. அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும், சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் வரும். உங்களுக்குக் கண் சொக்கும் நேரமும் இந்த ரோடும் ஒன்றாக வருவதுதான் 11 மணிக்குக் கிளம்பும் திட்டத்தின் கோளாறு. அவசரத்துக்கு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்ஸ் 108.

மடியில் தூங்கினால் என்ன?

நம்மூரில் பெரும்பாலான குழந்தைகள் அம்மா மடியில்தான் பயணம் செய்கிறார்கள். ஆனால் மோதும் நொடியில் பத்து கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பெல்ட் போடாத அம்மாவின் எடையும் சேர்ந்து குழந்தை மேல்தான் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான இருக்கையோ கட்டாயம். மீறினால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை. வாங்க வசதிப்படாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அதில் உட்காரவைத்துப் பழக்குங்கள். கிளம்புகிற அன்று முதன்முதலாகக் கட்டினால் செங்கல்பட்டு வரை அழுகைதான்.

கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருக்கையில் இருந்து எடுத்து, சமமாகப் படுக்க வைக்க வேண்டும். பால் கொடுப்பதும் அப்போதுதான், ஓடும் வண்டியில் வேண்டாம். திண்டிவனமும் சிதம்பரமும் இதற்குத் தோதான இடைவெளிகள். பவுடர் பால் என்றால் கலந்து எடுத்துப் போகாதீர்கள். கலந்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வெந்நீர் ஃபிளாஸ்க்கில், அளந்த பவுடர் டப்பாவில்.

பெரிய குழந்தைக்குக் கிளம்பும் முன்பே இரவு உடை, பல் தேய்த்தல், கதை என வழக்கமான வரிசையை முடித்துவிட்டு வண்டியில் ஏற்றினால் சீக்கிரம் தூங்கும். வழியில் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனால், அது உங்கள் சீட்டுக்குத்தான் திரும்பி வரும். பயண வாந்தி 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். இட்லி போல லேசான சாப்பாடு, கையில் போன் இல்லாமல் இருப்பது, இரண்டும் பாதி பிரச்சினையைத் தீர்க்கும். வாந்தி மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாத மருந்துகள் அதில் இருக்கின்றன. கப்பல் குலுங்கும் என்பதால் அந்த மருந்து காருக்கா, கப்பலுக்கா, எத்தனை மணிக்கு என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். கப்பலில் நடுப்பகுதி இருக்கையில் ஆட்டம் குறைவு.

பாஸ்போர்ட் பையை யார் வைத்திருக்கிறார்கள்?

ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். பெற்றோருடையது பத்து ஆண்டு என்பதால், குழந்தையுடையது காலாவதியானதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஆறு மாதமாவது செல்லுபடி பாக்கி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இலங்கையின் இ.டி.ஏ. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அந்நாட்டு அரசு இணையதளத்தில் மட்டும் பார்த்து, குழந்தைகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

பெரிய பெட்டிகள் சோதனைக்குப் போன பிறகு மாற்று உடையைத் தேட முடியாது. ஆளுக்கு ஒரு செட் உடை, டயாபர், துடைக்கும் துணி, வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர், பிஸ்கட், தண்ணீர், மருந்து ஆகியவை கையோடு வரும் சின்னப் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் பை, வண்டி ஓட்டாதவரிடம்.

திரும்பி வரும் நாளையும் கணக்கில் எடுங்கள். மதியம் அங்கிருந்து கிளம்பும் கப்பல் மாலையில்தான் நாகை வரும். சோதனை முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். திங்கட்கிழமை ஆபீஸ், பின் சீட்டில் களைத்த இரண்டு குழந்தைகள், முன்னால் அதே 300 கி.மீ. ரூம் புக் செய்யும்போது அந்த ராத்திரிக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள், திங்கட்கிழமைக்கு லீவும் சொல்லிவிடுங்கள்.