220ஆம் பக்கத்தில் ஒரு பிழை

1813 ஜனவரி 27, புதன்கிழமை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையரில் உள்ள சாட்டன் கிராமத்துக்கு லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. அன்று மாலையே ஜேன் ஆஸ்டினும் அவர் அம்மாவும், விருந்துக்கு வந்திருந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு முதல் பாகத்தில் பாதியை வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார் என்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. தலைப்புப் பக்கத்திலும் ஆசிரியர் பெயர் இல்லை.

அடுத்த சில நாட்களில் ஜேன் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மூன்றாம் பாகம் 220ஆம் பக்கத்தில் இருவர் பேசியது ஒரே பேச்சாக அச்சாகிவிட்டதே என்று ஒரு கடிதத்தில் வருந்துகிறார். 'என்றாள்', 'என்றான்' என்று அங்கங்கே சேர்த்திருந்தால் உரையாடல் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று இன்னொன்றில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர் சேர்க்கவில்லை. கூர்மையான வாசகருக்கு அது தேவைப்படாது என்று நம்பினார். நாவலின் நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் மோதும் இடங்களின் வேகமே அந்த நம்பிக்கையில்தான் பிறக்கிறது என்பேன். பேசுவது யார் என்று சொல்ல அங்கே பல வரிகளில் இருப்பவை மேற்கோள் குறியும் புது வரியும் மட்டுமே.

அந்தக் குறியும் வரியும் இருந்தது அச்சுக்கோப்பவர் கையில். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். இடவலம் மாறித் தெரியும் அந்த எழுத்துகளில் ஒரு வரியை முறிக்க மறந்தால் போதும், இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். தாள் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டு, அவற்றையே அடுத்த பக்கங்களுக்கு எடுப்பார்கள். நாவல் முழுவதையும் கோத்தபடியே வைத்திருக்கும் அளவுக்கு ஈயம் பொதுவாக அச்சகங்களில் இருக்காது. அதனால் மறுபதிப்பு என்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். பழைய பிழை அப்படியே தொடரலாம், புதியதும் முளைக்கலாம். இந்த நாவலிலோ முதல் பாகத்தை ஓர் அச்சகமும் மற்ற இரண்டை வேறோர் அச்சகமும் அச்சிட்டன.

1813லேயே இரண்டாம் பதிப்பு வந்தது, 1817இல் மூன்றாவது. அவற்றில் ஜேனின் கை பட்டதற்குத் தடயம் இல்லை. 1812 நவம்பரிலேயே பதிப்புரிமை முழுவதையும் பதிப்பாளர் தாமஸ் எகர்டனுக்கு 110 பவுண்டுக்கு விற்றிருந்தார். 150 கிடைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். முந்தைய நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தன் செலவிலேயே வெளியிட்டிருந்தார். நஷ்டம் வந்தால் தாங்க வேண்டியதும் அவரே. அதில் 140 பவுண்டு லாபம் என்று தெரிந்தது 1813 கோடையில்; அதற்குள் இந்த நாவல் கைமாறிவிட்டது. மிக அதிகமாக வாசிக்கப்பட்ட தன் நாவலுக்கு அவர் பெற்ற மொத்த வருமானம் அந்த 110 பவுண்டுதான். நினைக்கும்போது மனம் கனக்கிறது. இதன் முதல் வடிவத்தை வெளியிட முடியுமா என்று 1797லேயே ஜேனின் அப்பா ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். அவரோ பிரதியை வாங்கிப் பார்க்காமலே மறுத்தார்.

கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. ஆகவே ஜேன் எழுதியது என்ன என்று அறிய முதல் பதிப்பும் அந்தக் கடிதங்களும்தான் வழி. 1912இல் கேத்தரின் மெட்காஃப் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் பழைய பதிப்புகளை ஒப்பிட்டு, முதல் பதிப்பை அடிப்படையாக வைத்து ஒரு செம்பதிப்பு கொண்டுவந்தார். மறு ஆண்டு அவர் மணந்த ஆர். டபிள்யூ. சாப்மன் 1923இல் ஜேனின் நாவல்கள் அனைத்தையும் அந்த வழியில் பதிப்பித்துப் புகழ் பெற்றார். ஆங்கில நாவல் ஒன்றைச் செவ்வியல் நூலுக்குரிய கவனத்தோடு பதிப்பித்த முன்னோடி முயற்சி என்று சாப்மனின் பதிப்பைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாராட்டில் பாதி மெட்காஃபுக்கு உரியது.